பின்னாடி எழுத்து மின்னுது, உள்ளே எண்ணெய் கருகுது

வாடா பேராண்டி. இப்புடி நெழல்ல குந்து. வண்டிய ஓரங்கட்டிட்டியா? தெருவுல நீ திரும்புறப்பவே பாத்துட்டேன். டிக்கியில வி.வி.டி.ன்னு மூணு எழுத்து வெயில்ல பளபளன்னு மின்னுச்சு. பூந்தமல்லி பைபாஸ்ல உனக்குப் பின்னாடி வர்றவன் எல்லாம் படிச்சுப் படிச்சு மனப்பாடம் பண்ணியிருப்பான். வண்டி வெச்சிருக்கிறவன் ஒண்டி படிக்கல.

கேக்கிறேன், கோவிச்சுக்காத. அது இன்னா வேல செய்யுது? “ஏதோ பவரு குடுக்கும் தாத்தா.” ரொம்ப சந்தோஷம். கழனிய வித்துட்டு அம்பத்தூர் எஸ்டேட்டுல லேத்துக்கு முன்னாடி நின்னு, வால்வ் கைடு கடைஞ்சு கடைஞ்சே தல நரைச்சவன் நான். என் பேரன் “ஏதோ”ன்றான். திருவேற்காட்டு அம்மன் கோயில்ல பூச போட்டு நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் நசுக்குனியே, அன்னிக்கே கேட்டிருக்கணும். பொங்கலு சூடா இருந்துச்சு, விட்டுட்டேன்.

சரி, கேளு. உன் எஞ்சினுக்குத் தெரிஞ்ச வேல நாலே நாலு. காத்தையும் பெட்ரோலையும் உள்ள இழுக்கும், அமுக்கும், கொளுத்தும், பொகைய வெளிய தள்ளும். இந்த நாலும் முடியிறதுக்கு, பிஸ்டன் சுத்தி விடுற கிராங்க் தண்டு ரெண்டு சுத்து சுத்தணும். உள்ள வர்ற வழிக்கு ரெண்டு வால்வு, வெளிய போற வழிக்கு ரெண்டு, ஆக சிலிண்டருக்கு நாலு. இதுங்களத் தொறக்கிறது கேம் ஷாஃப்டு. உருண்ட தண்டுதான், ஆனா வால்வு இருக்கிற எடத்துல எல்லாம் ஒரு பக்கம் பொடச்சிக்கினு மேடா இருக்கும். அந்த மேடு வந்து அமுக்குனா வால்வு எட்டு பத்து மில்லிமீட்டர் எறங்கும். மேடு தாண்டிப் போனா ஸ்பிரிங்கு இழுத்து மூடிடும். கிராங்க் ரெண்டு சுத்துனா கேம் ஒரு சுத்து. இப்ப கணக்கு போடு. வானகரம் சிக்னல்ல நீ செல்லு நோண்டிக்கினு நிக்கிறப்ப எஞ்சின் நிமிஷத்துக்கு 800 சுத்து. ஒரு வால்வு வினாடிக்கு ஏழு தபா கிட்டத் தொறந்து மூடுது. அதே எஞ்சின நீ 6,000 வரைக்கும் மிதிச்சா வினாடிக்கு 50 தபா. ஏழும் அம்பதும் ஒண்ணா? கூலி ஒண்ணா குடுத்தா நீ ஒத்துக்குவியா?

ரோதன அங்கதான் ஆரம்பிக்குது. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்கு வா, காட்டுறேன்.

காலைல எட்டு மணி. 54-ஆம் நம்பர் வந்து நிக்குது. ஏறுற வழி பின்னாடி, எறங்குற வழி முன்னாடி. கூட்டம் ஓடியாருது. கண்டக்டர் விசில் அடிச்சாச்சு, வண்டியும் நவுர ஆரம்பிச்சாச்சு, ஆனா ஓடியாந்த வேகத்துல இன்னும் பத்து பேரு முட்டிக்கினு உள்ள பூந்துடுறான். விசில் அடிச்ச அந்த நிமிசமே கதவ மூடியிருந்தா அந்தப் பத்து டிக்கெட்டு போச்சு. எஞ்சின் வேகமா சுத்துறப்ப நடக்கிறது இதுதான். காத்துக்கும் எடை இருக்குது, ஓட்டம் புடிச்சா சட்டுனு நிக்காது. பிஸ்டன் அடிமட்டத்துக்குப் போயி, திரும்பி மேல ஏற ஆரம்பிச்ச அப்பாலயும் வந்த வேகத்துல காத்து திணிஞ்சுக்கினே இருக்கும். அதனால உள்வழி வால்வ லேட்டா மூடணும். எவ்ளோ காத்து உள்ள பூந்துச்சோ அவ்ளோதான் பவரு.

அதே பஸ்சு மத்தியானம் மூணு மணிக்கு வந்து நிக்குது. மொத்தமே நாலு பேரு. இப்பவும் கதவ அதே மாதிரி தொறந்து போட்டு வெச்சா இன்னா ஆவும்? ஏறுனவன் “ஒரு டீ குடிச்சுட்டு வந்துடுறேன்”னு எறங்கிப் போயிடுவான். எஞ்சின் மெதுவா சுத்துறப்ப காத்துக்கு உந்துதல் கெடையாது. பிஸ்டன் மேல வர்றப்ப, தொறந்து கெடக்கிற வால்வு வழியா வந்த காத்தையே திருப்பித் தள்ளிடும். அப்ப சீக்கிரம் மூடணும்.

ரெண்டு கதவும் ஒரே நேரத்துல தொறந்திருக்குமே, அத்தயும் பாத்துக்கோ. முன்னாடி கடைசி ஆளு எறங்குறதுக்குள்ள பின்னாடி மொத ஆளு ஏறிடுறான். எஞ்சின்ல அதுக்கு ஓவர்லேப்புன்னு பேரு. வேகத்துல அது நல்லது. வெளிய பாயுற பொக, போற போக்குல புதுக்காத்தயும் உள்ள இழுத்துவுட்டுப் போவும். மெதுவா ஓடுறப்ப அதுவே வெனையாவும். பொக வெளிய போவாம, காத்து வர்ற வழியில திரும்பி ஏறும். எஞ்சின் ஐடிலிங்குல நடுங்கும், இருமும்.

ஆக, கூட்ட நேரத்துக்கு ஒரு மாதிரி, காலி நேரத்துக்கு ஒரு மாதிரி. ஆனா கேம் இரும்பாச்சே? ஒரு தபா கிரைண்ட் பண்ணி, சங்கிலியில மார்க்கு பாத்து மாட்டுனா அதோட சரி, காயலான் கடைக்குப் போற வரைக்கும் ஒரே நேரம். எங்க காலத்து அம்பாசடரு, ஃபியட்டு, வண்டலூர்ப் பக்கம் கட்டுன ஸ்டாண்டர்டு ஹெரால்டு, எல்லாமே அப்புடித்தான். எஞ்சினு வரையிறவன் நடுவுல ஒரு நேரத்த வெச்சுட்டுப் போவான். மெதுவா ஓடுனாலும் அர கொற, வேகமா ஓடுனாலும் அர கொற. ரேஸ் ஓட்டுறவன் வேகத்துக்குத் தோதா கேம் போடுவான், அவன் வண்டி சிக்னல்ல நிக்கிறப்ப குளிர் ஜுரம் வந்தவனாட்டம் ஆடும்.

ஆனா ஒண்ணு. பொறி விழுற நேரத்த அப்பவே மாத்தத் தெரிஞ்சிருந்துச்சு. டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள ரெண்டு எடக்கட்டி இருக்கும். வேகம் ஏற ஏற அதுங்க விரிஞ்சு ஸ்பார்க்க முன்னாடி தள்ளும். பக்கத்துல ஒரு வேக்கம் டப்பா ஒட்டிக்கினு இருக்கும். பாடியில 1961-ல ஆரம்பிச்ச லூகாஸ் டிவிஎஸ்சுல டிஸ்ட்ரிபியூட்டரு பூட்டுன கைங்க இன்னமும் கொரட்டூர்லயும் வில்லிவாக்கத்துலயும் சாயங்காலம் சீட்டு ஆடிக்கினுதான் இருக்குது, போயிக் கேளு. பொறிய நகத்துறது லேசு, ஒரு தகட்டத் திருப்புனா போதும். வால்வு நேரத்த நகத்தணும்னா, அத்தன ஸ்பிரிங்கும் எதுத்து நிக்கிற கேம் தண்ட, ஓடிக்கினு இருக்கிறப்பவே முறுக்கணும். கேக்கிறதுக்கே கை கூசுதில்ல? அதான் இத்தன வருசம் இழுத்துச்சு.

இந்த எடத்துல ஆவடிக்காரன் குறுக்க வருவான். “எங்க டாங்கி எஞ்சின்ல இதெல்லாம் இல்லியே, அது ஓடலையா?”ன்னு கேப்பான். நல்லா கேட்டான். ஹெவி வெகிக்கிள்ஸ் ஃபேக்டரியில இருந்து மொத விஜயந்தா டாங்கி வெளிய வந்தது 1965. அதுல இருந்தது லேலண்டு எல் 60 எஞ்சின். அதுக்கு கேம் மட்டுமில்லடா, வால்வே கெடையாது. ஆறு சிலிண்டர், பன்னெண்டு பிஸ்டன். ஒரு சிலிண்டருக்குள்ள ரெண்டு பிஸ்டன் எதிரும் புதிருமா வந்து முட்டப் பாத்துட்டு விலகும். சிலிண்டர் சுவத்துல ஓட்ட இருக்கும், பிஸ்டனே அத்தத் தாண்டிப் போயித் தொறக்கும், திரும்பி வந்து மூடும். படத்துல பாக்க ஜோரு. ஓட்டுனவங்கள அது படுத்துன பாடு தனிக் கத.

அப்பால டி-72 வந்துச்சு. 1987-ல ஆவடி எஞ்சின் ஃபேக்டரிய ஆரம்பிச்சு அந்த எஞ்சின இங்கியே கட்டுனாங்க. பன்னெண்டு சிலிண்டர், 38.8 லிட்டர் டீசல், 780 குதிர. சிலிண்டருக்கு நாலு வால்வு வீதம் 48 வால்வு. உன் வண்டிய அப்புடியே தூக்கி அதும்மேல வெச்சாலும் அதுக்கு ஒறைக்காது. அத்தன வால்வு இருந்தும் நேரத்த மாத்துற சாமான் ஒண்ணு கூட இல்ல. ஏன் தெரியுமா? அது நிமிஷத்துக்கு 2,000 சுத்துக்கு மேல போற ஜாதியில்ல. ஐடிலிங்குக்கும் உச்சத்துக்கும் நடுவுல அவ்ளோதான் தூரம், ஒரே நேரத்த வெச்சே ஓட்டிடலாம். உன் பெட்ரோல் எஞ்சின் 800-ல அழுவாம நிக்கணும், 6,000-ல கத்திக்கினு ஓடணும், நடுவுல மைலேஜும் குடுக்கணும். டாங்கிக்கு இல்லாத பேஜாரு உன் குட்டிக் காருக்கு.

இந்த முடிச்ச காரு விக்கிற கம்பெனியில மொதல்ல அவுத்தவன் இத்தாலிக்காரன். 1980-ல ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடர்ல வந்துச்சு, செஞ்ச இஞ்சினியரு பேரு ஜாம்பாவ்லோ கார்சேயா. ஜப்பான்காரன் ஹோண்டா 1989-ல வேற ரூட்டுல போனான். ஒரே கேம்ல ரெண்டு தினுசு மேடு, மெதுவா ஓடுறதுக்குக் குள்ளம், வேகத்துக்கு ஒசரம். வேகம் ஏறுனதும் எண்ணெய் அழுத்தத்துல ஒரு பின்னு நகந்து, வால்வ அமுக்குற ராக்கர்ங்கள ஒண்ணா பூட்டிடும், அப்பால ஒசர மேடு வேலைய எட்துக்கும். 1.6 லிட்டர் எஞ்சின்ல 160 குதிரய எட்துட்டான். பின்வூட்டுப் பையன் ஆர்15 பைக்கு வெச்சிருக்கான் பாரு, 7,400 சுத்து தாண்டுனதும் சத்தம் மாறி ஊரையே எழுப்புதே, அதுவும் கேம் மேட்ட மாத்துற அந்த வம்சம்தான். அந்தப் பையன் அத்தக் கேக்கணும்னே ராத்திரி பதினோரு மணிக்கு ஏரிக்கரையில ஓட்டுறான். கையில கெடைக்கட்டும்.

நம்மூருக்கு இது வந்த வழியையும் சொல்லிடுறேன். பூந்தமல்லி தாண்டி நேரா போனா இருங்காட்டுக்கோட்டை. 1998-ல ஹூண்டாய் அங்க சான்ட்ரோ கட்ட ஆரம்பிச்சான். 2006-ல வெர்னா வந்தப்ப அதும்மேல வி.டி.வி.டி.ன்னு எழுதியிருந்துச்சு, வால்வு நேரத்த மாத்துறதுக்கு அவன் வெச்ச பேரு. 2010-ல ஐ10-லயும் அது ஏறிடுச்சு. அதே 2010 ஏப்ரல்ல சென்னைக்கு பி.எஸ். 4 பொகைச் சட்டமும் வந்துச்சு. நீ பைபாஸ்ல லாரிய ஓவர்டேக் பண்றதுக்கு ஒண்டி கம்பெனிக்காரன் இத்த மாட்டிக் குடுக்கல. பொகைக்கும் கணக்கு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க.

அந்தக் கணக்கு இப்புடி. காட்டுப்பாக்கத்துல இருந்து போரூர் வரைக்கும் ஆக்சிலேட்டர அரவாசி மிதிச்சுக்கினு ஊர்ந்து போற பாரு, அப்ப உன் எஞ்சின் ஐடிலிங்குல வெனையான அதே ஓவர்லேப்ப வேணும்னே பெருசாக்கி, எரிஞ்ச பொகையில கொஞ்சத்த உள்ளயே நிறுத்தி வெச்சுக்கும். எரியிற சூடு தணியும், நைட்ரஜன் நச்சுப் பொக கொறையும். பாதி மூடுன வழியில காத்த உறிஞ்சி இழுக்க எஞ்சின் மூச்சு வாங்குதே, அந்தப் பாடும் கொறையும். உன் மைலேஜு அங்கதான் ஒளிஞ்சிருக்குது. நீ என்னமோ பவரு பவருன்ற.

இப்ப வால்வு நேரத்த மாத்துற அந்தச் சாமானப் பாரு, உன் டிக்கியில வி.வி.டி.ன்னு எழுதியிருக்கிறது இதத்தான். கேம் முனையில சங்கிலி இழுக்கிற பல்சக்கரம் இருக்குதில்ல, முன்ன சக்கரமும் கேமும் ஒண்ணா போல்ட்டு போட்டுப் பூட்டியிருக்கும். இப்ப அந்தச் சக்கரத்துக்கு நடுவுல உள்ளங்கை அகலத்துல ஒரு டப்பா. ஃபேசர்னு பேரு. டப்பா சங்கிலியோட சுத்தும். டப்பாவுக்குள்ள ரெக்க வெச்ச ரோட்டரு, அது கேமோட சுத்தும். ஒவ்வொரு ரெக்கைக்கும் ரெண்டு பக்கமும் அறை, அறைக்குள்ள எஞ்சின் ஆயில். இந்தப் பக்கம் ஆயில் ஏத்துனா கேம் கொஞ்சம் முந்திக்கும். அந்தப் பக்கம் ஏத்துனா பிந்திக்கும். கிராங்க் கணக்குல 40, 50 டிகிரி கூட நகத்தலாம். எந்தப் பக்கம் ஏத்துறதுன்னு சொல்றது ஈ.சி.யூ.ன்ற எஞ்சின் கம்ப்யூட்டரு. கிராங்க் எங்க இருக்குது, கேம் எங்க இருக்குதுன்னு ரெண்டு சென்சரு அதுகிட்ட கோள் சொல்லிக்கினே இருக்கும். அது கேட்டுக்கினு கட்ட வெரல் தடிமன்ல இருக்கிற ஆயில் கண்ட்ரோல் வால்வுக்குக் கரண்டு விடும். அந்த வால்வு ஆயில இப்புடியும் அப்புடியும் திருப்பும். வண்டி நிக்கிறப்ப ஆயில் அழுத்தம் கெடையாது, ரெக்க லொடலொடன்னு அடிச்சுக்கும். அதனால ஒரு சின்ன பின்னு வெச்சு ரோட்டர டப்பாவோட பூட்டி வெச்சிருப்பான். ஸ்டார்ட் பண்ணி அழுத்தம் ஏறுனதும் பின்னு வெலகும்.

கவனிச்சியா? மோட்டாரு இல்ல, கியரு இல்ல. முறுக்கிற கை மொத்தமும் எஞ்சின் ஆயிலு. உன் கம்ப்யூட்டரு எவ்ளோ புத்திசாலியா இருந்தாலும், அது நீட்டுற கை ஆயில் கை. எங்க காலத்துல ஆயில் கறுத்துப் போனா தேய்மானம் கூடும், அவ்ளோதான், வண்டி முக்கிக்கினு ஓடும். இப்ப ஆயில் கெட்டா வால்வு நேரமே கெட்டுப் போச்சு.

மழைக்கு முன்னாடி அயப்பாக்கம் ஷெட்டுல ஒரு வண்டி வந்து நின்னுச்சு. ஓட்டுனவன் உன் வயசுதான், கூலிங்கிளாசு. எஞ்சின் லைட்டு எரியுது, ஐடிலிங்குல உதறுது, பிக்கப்பு இல்ல. நம்ம மெக்கானிக்கு ஸ்கேனர் மாட்டுனான், பி 0011ன்னு காட்டுச்சு. கேம் சொன்ன எடத்துல இல்லாம முந்திக்கினு நிக்குதுன்னு அர்த்தம். பத்தாம் நம்பர் ஸ்பேனர் போட்டு ஒரே போல்ட்ட அவுத்து, அந்தக் கண்ட்ரோல் வால்வ உருவி என் கையில குடுத்தான். அதுல தலமுடி போற அளவுக்குப் பொடிக் கண்ணு வெச்ச வல சுத்தியிருக்கும். வலையே தெரியல. கறுப்பா, கொழகொழன்னு, வெரல்ல ஒட்டுனா வேட்டியில தொடச்சாலும் போவாத பிசுக்கு. பையனக் கேட்டேன், கடைசியா எப்பய்யா ஆயில் மாத்துன? “கறுத்தா டாப் அப் பண்ணிக்குவேன் தாத்தா.” இன்னா ஆயிலு? “திக்கா இருந்தா எஞ்சினுக்கு நல்லதுன்னு சொன்னாங்க, 20 டபிள்யூ 50.” அவன் எஞ்சினுக்கு எழுதியிருந்தது 5 டபிள்யூ 30. அந்தத் திக்கு ஆயிலு அம்பாசடருக்கு அமிர்தம். இங்க காலங்காத்தால அத்தன சின்னச் சந்துல அது எப்ப ஓடி, எப்ப ரெக்கைய நகத்துறது? வலையக் கழுவி, ஆயிலும் ஃபில்டரும் மாத்தி அனுப்புனோம். அவன் அதிர்ஷ்டம், ஃபேசர் தப்பிச்சுது. அது போயிருந்தா டைமிங் கவர அவுத்து, சங்கிலிய எறக்கி, பில்லப் பாத்ததும் கூலிங்கிளாச கழட்டியிருப்பான்.

இப்ப எந்திரி. பானெட்டத் தூக்கு. டிப்ஸ்டிக்க உருவி இந்த வெள்ளத் துணியில தொட. ம்ம். நெனச்சேன். சீட்டு கவருக்கு எவ்ளோ குடுத்த? ராத்திரி ஊதாக் கலர்ல எரியுதே அந்த லைட்டுக்கு? டேஷ்போர்டுல தலையாட்டுற பொம்மைக்கு? ஆயில் ஒண்டி “அடுத்த மாசம் பாத்துக்கலாம்”. வந்துட்டாரு கணக்குப்புள்ள.

“புக்குல 10,000 கிலோமீட்டர்னு போட்டிருக்குதே?” போட்டிருக்கும். அதே புக்க இன்னும் கொஞ்சம் பொரட்டு. நெரிசல்ல ஓடுனா, தூசியில ஓடுனா, சின்னச் சின்ன தூரமா ஓட்டுனா முன்னயே மாத்துன்னு சின்ன எழுத்துல இருக்கும். குமணன்சாவடியில மெட்ரோ பள்ளத்துக்குப் பக்கத்துல ஒரு மணி நேரம் நீ எஞ்சின ஓடவிட்டு நின்னப்ப கிலோமீட்டரு ஏறல, ஆயிலு வெந்துக்கினுதான் இருந்துச்சு. அம்பத்தூர் ஓ.டி.யில இருந்து எஸ்டேட்டு வரைக்கும் தெனம் போயிட்டு வர்றதுல ஆயில் சூடாவுறதுக்குள்ளயே வண்டிய நிறுத்திடுற. இந்த ரெண்டையும் விட்டா நீ வேற எங்கடா ஓட்டுற? அந்தச் சின்ன எழுத்து உனக்காவவே எழுதுனது.

புக்குல போட்ட கிரேடு ஆயில வாங்கு, சீல் பாத்து வாங்கு. ஃபில்டரும் சேத்து மாத்து. லெவல் கொறைய விடாத, கொறஞ்சா மொதல்ல தவிக்கிறது மேல உச்சியில இருக்கிற அந்த டப்பாதான். எவனாவது “சென்சரு போச்சு, ஈ.சி.யூ. போச்சு”ன்னு பெரிய சாமானா அடுக்குனா, மொதல்ல அந்தக் கண்ட்ரோல் வால்வ உருவிக் காட்டச் சொல்லு. வல சுத்தமா இருக்குதா, கரண்டு குடுத்தா உள்ள ஊசி டக்குனு நகருதா. அதுக்கு அரமணி நேரம் போதும். காட்ட மாட்டேன்னா சாவிய வாங்கிக்கினு வந்துடு.

காலைல ஸ்டார்ட் பண்றப்ப ஒரு கரகர சத்தம் வருதுன்னு உங்கம்மா சொன்னா. நீ சொல்லல, பாட்டு சத்தத்துல உனக்கு எங்க கேக்கப் போவுது? நாளைக்கு ரேடியோவ அணைச்சுட்டு ஸ்டார்ட் பண்ணு. ஆயில் ஏறுற வரைக்கும் ஒரு வினாடி, ரெண்டு வினாடி முணுமுணுத்துட்டு அடங்குனா, ஆயில மாத்திப் பாத்துட்டு மறுபடியும் கேளு. அடங்காம இழுத்துக்கினே இருந்தா, பின்னு பூட்டலியோ சங்கிலி தொளதொளத்துப் போச்சோ, நேரா அயப்பாக்கம் ஷெட்டுக்கு ஓட்டிக்கினு வந்துடு. நானும் அங்கதான் குந்தியிருப்பேன். வர்றப்ப மூணு டீ சொல்லிட்டு வா, மெக்கானிக்குக்கு சக்கர இல்லாம.